ஹாம்பே – மைட்னர், வியன்னா 1872: இந்த ட்ராவில் வெள்ளைக்குப் பங்கு இல்லையா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

1872-ல் வியன்னாவில் கார்ல் ஹாம்பே வெள்ளையிலும் பிலிப் மைட்னர் கருப்பிலும் ஆடிய செஸ் ஆட்டம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ‘சாகாவரம் பெற்ற ட்ரா’ (ட்ரா என்றால் வெற்றி தோல்வி இல்லாத முடிவு) என்று பெயர் வாங்கிய ஆட்டம். யார் விளக்கினாலும் மைட்னர் ராணியைக் கொடுத்தார், குதிரைகளைக் கொடுத்தார், பிஷப்பைக் கொடுத்தார் என்று கருப்பின் பக்கமே நின்று பேசுகிறார்கள். ஹாம்பேயைத் துரத்தப்பட்ட ஆளாக மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த நகர்த்தல் வெள்ளையின் 14-வது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். மறுப்பு இருந்தால் பலகையில் வைத்துக் காட்டுங்கள்.

நம்ம பக்கத்தில் மலையாளத்தில் ஆடுகிறவர்களுக்கு ‘ஆன’ என்றால் பிஷப், ராணி ‘மந்திரி’. குழப்பம் வராமல் இருக்க ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் முதலில் வெள்ளை, கோட்டுக்குப் பிறகு கருப்பு; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய். செக் என்றால் ராஜாவுக்கு நேரடி மிரட்டல், மேட் என்றால் அதிலிருந்து தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிவது.

1. இ4 – இ5
2. குதிரை சி3 – பிஷப் சி5
3. குதிரை ஏ4 – பிஷப் எஃப்2-ஐ வெட்டி செக்
4. ராஜா எஃப்2-ஐ வெட்டு – ராணி எச்4 செக்
5. ராஜா இ3 – ராணி எஃப்4 செக்
6. ராஜா டி3 – டி5
7. ராஜா சி3 – ராணி இ4-ஐ வெட்டு
8. ராஜா பி3 – குதிரை ஏ6
9. ஏ3 – ராணி ஏ4-ஐ வெட்டி செக்
10. ராஜா ஏ4-ஐ வெட்டு – குதிரை சி5 செக்
11. ராஜா பி4 – ஏ5 செக்
12. ராஜா சி5-ஐ வெட்டு – குதிரை ஜி8-லிருந்து இ7
13. பிஷப் பி5 செக் – ராஜா டி8
14. பிஷப் சி6 – பி6 செக்
15. ராஜா பி5 – குதிரை சி6-ஐ வெட்டு
16. ராஜா சி6-ஐ வெட்டு – பிஷப் பி7 செக்
17. ராஜா பி5 – பிஷப் ஏ6 செக்
18. ராஜா சி6 – பிஷப் பி7 செக். ட்ரா.

வெள்ளையின் 18 நகர்த்தலில் 12 ராஜாவுடையது. ராணி, இரண்டு யானை, சி1 பிஷப், ஜி1 குதிரை ஐந்தும் வைத்த இடத்தை விட்டு ஒரு கட்டம் அசையவில்லை. ராஜா மட்டும் தன்னந்தனியாக எதிரி கோட்டைக்குள் நடந்து போகிறது. அப்படிப் போன ராஜாவை உயிரோடு வைத்திருப்பது கருப்பின் தாக்குதலுக்குக் குறைந்த வேலையா?

கருப்புச்சிப்பாய்:

அண்ணா, பலகையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்றாவது நகர்த்தலிலேயே குதிரையை ஓரத்துக்கு, ஏ4-க்கு, கொண்டுபோய் வைத்தது யார்? ஹாம்பே. ஒரு காயை இரண்டு தடவை நகர்த்தி, வேறு எதையும் வெளியே எடுக்காமல், பிஷப்பை மிரட்ட ஆசைப்பட்டார். தானே மூட்டிய தீயில் கால் பொசுங்காமல் வெளியே வந்தவரைப் புகழ்வதா, தீயிலேயே நடந்தவரைப் புகழ்வதா? மைட்னர் பிஷப்பைப் பின்னால் இ7-க்கு எடுத்திருந்தாலே நல்ல ஆட்டம்தான். அதை விட்டுவிட்டு எஃப்2-ல் போய் விழுந்தாரே, அந்தத் துணிச்சலைத்தானே நாம் 150 வருடமாகப் பேசுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரா என்றாலே எனக்கு மனசு ஒட்டாது. போன ஓணத்துக்கு இங்கே பாலக்காட்டுப் பக்கம் ஒரு போட்டியில் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் பத்து நகர்த்தல்கூட ஆடாமல் கைகுலுக்கிவிட்டு எழுந்து போனார்கள். பரிசுப் பணத்தை முன்கூட்டியே பங்கு போட்டுக்கொண்டதாக ஊரே பேசியது. வெயிலில் பஸ் பிடித்து வந்து பார்க்கக் காத்திருந்த பசங்களுக்கு என்ன பதில் சொல்வது? முடிவு என்ற கட்டத்தில் அதற்கும் ½–½ (ஆளுக்கு அரைப் புள்ளி) தான், இதற்கும் ½–½ தான்.

தேவிகுளத்துக்காரன்:

பேசி வைத்துக்கொண்ட ட்ராவையும் இதையும் ஒரே வரியில் வைக்காதீர்கள் தம்பி. 2024 நவம்பர்–டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக குகேஷும் டிங் லிரனும் ஆடிய 14 ஆட்டங்களில் 9 ட்ரா. அந்த ஒன்பதில் எதையாவது படுத்துக்கொண்டு ஆடினார்களா? கடைசி ஆட்டமும் ட்ரா பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்த ஒரே தப்பு. பையன் உலக சாம்பியன் ஆகிவிட்டான். அந்த ஒரு தப்புக்காக நாலு மணி நேரம் உட்கார்ந்து அழுத்தம் கொடுத்தவன் அவன். ட்ரா நிலையில்கூட எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஹாம்பே விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் புதுசாகக் கற்றுக்கொண்டவர் மாதிரி நினைத்துவிட வேண்டாம். 1. இ4 இ5 2. குதிரை சி3 என்ற வியன்னா ஆட்டத்தை ஆராய்ந்து வளர்த்தவர்களில் முன்னோடி அவர். ஹாம்பே–ஆல்கையர் என்று ஒரு கேம்பிட் (காயைப் பலி கொடுத்து ஆடும் தொடக்கம்) இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஆடியவர், இந்த ஆட்டம் நடந்து நாலு வருடத்தில், 1876-ல், இறந்துவிட்டார். மூன்றாவது நகர்த்தல் சரியில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாவதைப் பாருங்கள். ராணி எச்4-ல் செக் கொடுத்ததும் நம் கை தானாக ஜி3 சிப்பாய்க்குப் போகும். தள்ளினால் ராணி இ4-ஐ வெட்டும். அங்கிருந்து ஒரு பக்கம் ஏ4 குதிரை, மறு பக்கம் எச்1 யானை, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் குறி. ராஜாவை இ3-க்கு வெளியே விடுவது பயந்தவன் செய்கிற காரியமில்லை.

8-வதும் அப்படியே. கருப்பு ராணி இ4-ல் நின்று ஏ4 குதிரையைப் பார்க்கிறது. ராஜாவே பி3-க்குப் போய்க் குதிரைக்குக் காவல் நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

தேவிகுளம் அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8-ல் கருப்பு குதிரையை ஏ6-ல் வைப்பது சும்மா காய் வெளியே எடுப்பது மாதிரித் தெரியும். உண்மையில் அடுத்தது ராணி பி4, அங்கேயே மேட். ராஜா வெட்ட முடியாது, ஏ6 குதிரை காவல். சி3-ஐயும் ஏ3-ஐயும் ராணி பார்க்கிறது, சி4-ஐ டி5 சிப்பாய் பார்க்கிறது, மிச்சக் கட்டங்களில் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதனால்தான் 9-ல் ஏ3.

இப்போது என் கட்சி. 12-ல் ராஜா சி5 குதிரையையும் வெட்டியாகிவிட்டது. கருப்பிடம் ராணி இல்லை. பிஷப் ஒன்று, குதிரை ஒன்று போய்விட்டது. எந்த வேகமும் இல்லாமல், செக்கும் கொடுக்காமல், குதிரை இ7 என்று அமைதியாக ஒரு நகர்த்தல் வைக்கிறார் மைட்னர். அதற்குள் இருப்பது: பி6 செக், ராஜா பி5, பிஷப் டி7 மேட். ஒவ்வொரு கட்டமாகச் சரிபாருங்கள். ஏ6-ஐ ஏ8 யானை பிடித்திருக்கிறது, ஏ4 வரைக்கும் டி7 பிஷப்பின் கோடு போகிறது, பி4-ஐ ஏ5 சிப்பாய், சி4-ஐ டி5 சிப்பாய், சி5-ஐ பி6 சிப்பாய். ஓட்டை கிடையாது. இதற்கு மைட்னருக்குக் கைகொடுக்கிறேன், மனசார.

வெள்ளை பிஷப் பி5-ல் செக் கொடுக்கிறது, கருப்பு ராஜா டி8-க்கு ஒதுங்குகிறது. இப்போது நிலைமை முன்னைவிட மோசம். பி5-ல் சொந்த பிஷப்பே நிற்பதால் ராஜாவுக்கு அந்தக் கட்டமும் இல்லை. பி6 என்று சிப்பாயைத் தள்ளினாலே நேரடி மேட்.

சரி, பிஷப்பைப் பின்னால் எடுக்கலாம் என்று ஏ4, சி4, டி3, இ2, எஃப்1 எது வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். பி6 செக், ராஜா பி5, பிஷப் டி7, பழைய மேட் திரும்பி வந்துவிடுகிறது. ராஜாவுக்கு பி5 காலியாகவும் இருக்க வேண்டும், டி7-லிருந்து பி5-க்கு வரும் கோடும் அடைபட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நகர்த்தலில் செய்கிற கட்டம் சி6. சிப்பாயும் குதிரையும் குறிவைத்திருக்கிற இடத்தில், வெட்டிக்கொள் என்று பிஷப்பை வைக்கிறார் ஹாம்பே. 18 நகர்த்தலில் இவ்வளவு பாரம் சுமக்கிற நகர்த்தல் வேறு எனக்குத் தெரியவில்லை.

வண்ணாமடை டீச்சர்:

நான் செஸ் நிபுணி இல்லை, பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள். மைட்னர் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். இந்த பிலிப் மைட்னர்தான் லிசெ மைட்னரின் அப்பா. இந்த ஆட்டத்துக்கு ஆறு வருடம் கழித்து, 1878-ல், அதே வியன்னாவில் பிறந்தவர் லிசெ. அப்பா வக்கீல். பெண்பிள்ளைகளுக்கு மேல்படிப்பின் கதவு பெரும்பாலும் சாத்தியிருந்த காலத்தில் அந்த வீட்டிலிருந்து படிக்கப் போய் 1906-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1938-ல் ஜெர்மனியை விட்டு உயிர் தப்பி ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கா மகன் ஓட்டோ ஃப்ரிஷோடு உட்கார்ந்து, யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது என்பதையும் அதிலிருந்து எவ்வளவு ஆற்றல் வெளிவரும் என்பதையும் கணக்குப் போட்டு விளக்கினார். 1944-க்கான வேதியியல் நோபல் ஓட்டோ ஹானுக்கு மட்டும் போனது. 109-வது தனிமத்துக்கு 1997-ல் மைட்னீரியம் என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் பள்ளியில் தமிழ் மீடியம் பெண்பிள்ளைகள் செஸ் பக்கம் வருவதே இப்போதுதான், 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்குப் பிறகு. அவர்களுக்கு இந்த அப்பாவையும் மகளையும் சேர்த்தே சொல்லித்தரப் போகிறேன்.

கொழிஞ்சாம்பாறை சாருக்கு ஒரு கேள்வி. பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். 17-ல் பி7-ல் வந்து செக் கொடுக்கிற பிஷப்பை ராஜா சும்மா வெட்டிவிடலாமே? காவலே இல்லையே.

கருப்புச்சிப்பாய்:

டீச்சர், அதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் என் ஆளுடைய பொறி அது. ராஜா பி7-ஐ வெட்டினால் கருப்பு செக் எதுவும் கொடுக்காது. ராஜாவை டி7-க்கு ஒரு படி முன்னால் வைக்கும், அவ்வளவுதான். அடுத்தது எச்8 யானை பி8-க்கு வந்து மேட். ஏ8 யானையும் பி8 யானையும் ஒன்றுக்கொன்று காவல். ஏ7, ஏ6 இரண்டும் ஏ8 யானை கையில். சி6-ம் சி7-ம் கருப்பு ராஜா கையில், சி8-ஐ யானையும் பார்க்கிறது. வெள்ளை ராணி ஜி4-க்கு வந்து செக் கொடுத்தாலும் ராஜா டி6-க்கு நகர்ந்துவிடும், யானை வருவது நிற்காது. ஆட்டம் முழுக்க அசையாத இரண்டு யானையும் ஒரே நகர்த்தலில் உயிர் பெறுகிற இடம் இது. பலகையில் ஒரு ராணி, இரண்டு யானை, பிஷப், குதிரை வைத்துக்கொண்டு ஒருவர் மேட் வாங்குவதைப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே காட்டுங்கள்.

அண்ணா, சி6 பற்றி நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். மேட்டுகள் எல்லாம் நீங்கள் சொன்னபடியே நிற்கின்றன. ஆனாலும் என் வாதத்தை விடமாட்டேன். ஹாம்பே கண்டுபிடித்தது தப்பிக்கிற வழி. அந்த வழியைத் தவிர மற்றதெல்லாம் மேட் ஆகிற மாதிரி ராணியைக் கொடுத்து வலை பின்னியவர் மைட்னர். 15-ல் குதிரை சி6-ஐ வெட்டியதிலும் அதே வலைதான். ராஜா அந்தக் குதிரையை வெட்டாமல் விட்டால் குதிரை டி4 செக், ராஜா ஏ4, பிஷப் டி7 மேட்.

குப்பம் வழிப்போக்கன்:

ஆந்திரா எல்லையிலிருந்து ஒரு குரல். இங்கே குப்பத்துப் பிள்ளைகளுக்கு நடுவராக நிற்கும்போது அடிக்கடி வருகிற சண்டை ஒன்று இந்த ஆட்டத்தில் இருக்கிறது. ‘தொடர் செக் கொடுத்தால் ட்ரா’ என்று ஒரு விதி இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிகளில் அப்படித் தனி விதி இல்லை. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆடுகிறவர் கேட்டு வாங்கலாம். ஐந்தாம் முறை வந்தால் யாரும் கேட்காமலே ட்ரா. சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் இரு தரப்பும் 50 நகர்த்தல் போனால் கேட்கலாம், 75 ஆனால் தானாகவே முடியும். இல்லையென்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

பதிவான 18 நகர்த்தலில் பாருங்கள். 16-ல் பிஷப் பி7 செக் வந்த நிலை 18-ல் இரண்டாம் முறை வருகிறது. மூன்றாம் முறை வர 20 வரைக்கும் ஆட வேண்டும். இன்றைய போட்டியில் 18-ல் கடிகாரத்தை நிறுத்திவிட்டு மூன்று முறை ஆச்சு என்று கை தூக்கினால் நடுவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைத்தால் அரைப் புள்ளி மிச்சமாகும்.

தேவிகுளத்துக்காரன்:

நல்ல தகவல். மைட்னரைப் பற்றி இன்னொன்று: அடுத்த வருடம், 1873-ல், வியன்னாவில் நடந்த பெரிய போட்டியில் 12 பேரில் ஒருவராக அவர் ஆடினார். ஸ்டைனிட்ஸ், பிளாக்பர்ன், ஆண்டர்சன் எல்லாம் இருந்த போட்டி. ஸ்டைனிட்ஸும் பிளாக்பர்னும் சமமாக வந்து, மறு ஆட்டத்தில் ஸ்டைனிட்ஸ் முதலிடம் வாங்கினார். மைட்னர் அந்தக் கூட்டத்தில் மேல்தட்டு ஆள் இல்லை. ஆனால் இந்த 18 நகர்த்தலுக்காக அவர் பெயர் நிற்கிறது.

கருப்புச்சிப்பாய் தம்பி, நீங்கள் முதலில் எழுதிய ½–½ என்ற கட்டத்துக்கு என் பதில் இதுதான். எந்த இடத்தில் யார் விலகினாலும் விலகியவர் தோற்கிறார். வெள்ளை பிஷப்பை வெட்டினால் வெள்ளைக்கு மேட். கருப்பு செக் கொடுப்பதை நிறுத்தினால், ஒரு ராணியும் ஒரு குதிரையும் குறைவாக வைத்திருக்கிறவர் பிழைக்க மாட்டார். கைகுலுக்குவதைத் தவிர வேறு வழி எதையும் பாக்கி வைக்காமல் ஆடியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்த அந்த ஓணப் போட்டிக்காரர்கள் எல்லா வழியையும் பாக்கி வைத்துவிட்டு எழுந்து போனவர்கள்.

கருப்புச்சிப்பாய்:

இதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணாச்சி. 14-ல் வெள்ளைக்கும் பங்கு உண்டு என்பதையும். ஆனால் பெரிய பங்கு கருப்புக்கே!

வண்ணாமடை டீச்சர்:

17-ல் அடுத்த செக் ஏ6-லிருந்து வருகிறதே, அப்போது ராஜா சி6-க்குத் திரும்பிப் போகாமல் ஏ4-க்கு வந்துவிட்டால்? வீட்டுப் பக்கம்தானே வருகிறது. என் மகள் கேட்கிறாள்.

அப்புறம், சனிக்கிழமை வகுப்பில் பலகையில் வைக்க 14-க்கு முந்தின நிலையை யாராவது வரிசையாக எழுதித் தர முடியுமா? பிள்ளைகளிடம் ‘வெள்ளை நகர்த்தல், எப்படித் தப்பிப்பாய்’ என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள் டீச்சர். ராஜா ஏ4-க்கு வந்தால் கருப்பு பிஷப்பை சி4-ல் வைக்கும், செக் இல்லாமல். அடுத்தது பி5 சிப்பாய் மேட். நடுவில் வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் இருக்கிறது. பி3, பி4, டி3, ராணி ஜி4 எது வைத்தாலும் நிற்காது, ஏனென்றால் செக் கொடுப்பது சிப்பாய், பிஷப்பை வெட்டி அதை நிறுத்த முடியாது. அந்தச் சிப்பாயை ராஜா வெட்டவும் முடியாது, பிஷப் காவல். ஏ6-ல் நிற்கிற பிஷப்பையே வெட்டலாமா என்று அடுத்துக் கேட்பாள், அங்கே ஏ8 யானை காவல். ஆக சி6 ஒன்றுதான். அவளையே எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிலை இதோ, 14-க்கு முன்னால், வெள்ளை நகர்த்த வேண்டும்.

வெள்ளை: ராஜா சி5, ராணி டி1, யானைகள் ஏ1, எச்1, பிஷப்புகள் பி5, சி1, குதிரை ஜி1, சிப்பாய்கள் ஏ3, பி2, சி2, டி2, ஜி2, எச்2.

கருப்பு: ராஜா டி8, யானைகள் ஏ8, எச்8, பிஷப் சி8, குதிரை இ7, சிப்பாய்கள் ஏ5, பி7, சி7, டி5, இ5, எஃப்7, ஜி7, எச்7.

முதலில் கருப்பின் மிரட்டல் என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பி6 மேட் என்று கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது கேள்வி. பிஷப்பை இ8-ல் கொண்டுபோய்ப் பலி கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதைத் தட்டிவிட வேண்டாம், நின்று அலச வேண்டிய யோசனை அது. விடை வந்ததும் இங்கே எழுதுங்கள், யார் எதை முதலில் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.